விரலை நெரிக்காத உறை

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள ஸ்டெல்லா,

நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முட்டி வலி பழையபடிதான். பென்ஷன் ஒழுங்காக வருகிறது. விமலா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகை உனக்கும் வரும், வராவிட்டால் அவளைச் சும்மா விடாதே. பெரிய சிஸ்டர் இப்போது மகன் வீட்டில் இருக்கிறாராம். அங்கேயும் காலை ஆறு மணிக்குப் படுக்கை விரிப்பைத் தட்டிப் பார்க்கிறாராம். மருமகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தோட்டத்து ரப்பர் பால் எனக்கு வேண்டும். எதற்கு என்று சொல்லத்தான் இவ்வளவு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் செல்வி என்று ஒரு பெண் இருக்கிறாள். காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவள். சர்க்கரை நோயும் உண்டு. சென்ற மாதம் வலது கை மோதிர விரலில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் கட்டுப் போட்டு, தண்ணீர் படாமல் இருக்க அதன்மேல் ரப்பர் விரலுறை ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்த உறை சுருளாகத்தானே வரும்? கட்டின் பருமன் காரணமாக அது முழுவதும் விரியவில்லை. பாதிச் சுருள் நடுமூட்டுக்கு மேலேயே வளையமாக நின்றுவிட்டது. அவளும் அதோடு வேலைக்குப் போய், அதோடு தூங்கி, மறுநாள் காலையில் "அக்கா, விரல் மரத்துப்போன மாதிரி இருக்கிறது" என்று என்னிடம் வந்து நின்றாள். விரல் கருநீலமாக இருந்தது. கத்தரிக்கோலின் மழுங்கிய நுனியை உள்ளே விட்டு வளையத்தை வெட்டினேன். உடனே ஆட்டோ பிடித்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைப் பிரிவு இருக்கிற ஊரில் இருக்கிறோம் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? விரல் பிழைத்துவிட்டது. நுனியில் உணர்ச்சி மெல்லத் திரும்பி வருகிறது.

அன்று பிடித்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை, ஸ்டெல்லா. கட்டுப் போட்ட பையன்மீது அல்ல. அவன் கையில் கொடுக்கப்பட்ட பொருளின்மீதுதான் கோபம்.

நாம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுகளாக இருந்த நாட்களை நினைத்துப் பார். விரலில் சின்ன அறுவை என்றால் கையுறையின் ஒரு விரலை வெட்டி, நுனியைக் கத்தரித்து, நோயாளியின் விரலில் மாட்டி அடிவரை சுருட்டிக்கொண்டு போவோம். ரத்தம் வெளியேறி, சுருண்ட ரப்பர் அடியில் நின்று ரத்தத்தை நிறுத்திவிடும். பிரிட்டனில் 2009-ஆம் ஆண்டு நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு இதைப் பற்றியே எச்சரிக்கை விட்டது. அப்படிப் போட்ட வளையத்தைக் கட்டுக்குள் மறந்துவிடுகிறார்கள், விரல் அழுகிப் போகிறது, ஆகவே கையுறையை வெட்டி இதற்குப் பயன்படுத்தாதீர்கள், கண்ணில் படுகிற நிறத்தில் இதற்கென்றே செய்த பட்டையைப் பயன்படுத்துங்கள் என்று சொன்னது. இப்போது சொல். ரத்தத்தை நிறுத்த நாம் செய்த பொருளுக்கும், புண்ணைக் காக்க அந்த கிளினிக்கில் மாட்டிய பொருளுக்கும் என்ன வேறுபாடு? அதே ரப்பர், அதே சுருள். ஒன்று தெரிந்து போட்டது, மற்றது தெரியாமல் நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

நுண்குழாய்களில் ரத்தத்தின் அழுத்தம் சுமார் 30 மி.மீ. பாதரசம்தான். விரிக்கப்பட்ட ஒற்றைப் படலம் அதை எட்டாது. ஆனால் சுருளில் எத்தனை சுற்று இருக்கிறதோ அத்தனை மடங்கு இறுக்கம், அதுவும் ஒரே கோட்டில். முதலில் சிரை அடைபடுகிறது. தமனி உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. விரல் வீங்குகிறது, வீங்க வீங்க வளையம் இன்னும் ஆழமாகப் பதிகிறது. இது உனக்குத் தெரிந்ததுதான். எனக்குப் புதிதாகத் தெரிந்தது இன்னொன்று: ரப்பரின் இழுவிசை ஒன்றாகவே இருந்தாலும், வட்டம் சின்னதாக ஆக ஆக உள்ளே அழுத்தம் கூடுமாம். ஆகவே ஒரே அளவில் செய்து எல்லா விரலுக்கும் போட்டுக்கொள் என்றால் மெலிந்த விரல்தான் அதிகம் நசுங்கும். ரப்பர் அதில் குறைவாகத்தானே விரியும் என்று கேட்பாய். சரிதான், ஆனால் சுருள் அங்கேயே நின்றுவிட்டால் அந்தச் சமாதானம் எடுபடாது.

இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் கார்த்தி. என் அண்ணன் மகன், அவனுக்கு மொட்டை அடித்தபோது நீ பார்த்திருக்கிறாய். இப்போது குரோம்பேட்டையில் ரப்பர் தொழில்நுட்பம் படித்து முடித்துவிட்டான். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "அத்தை, பலூன் செய்கிற வேலைதான் இது, வீட்டிலேயே செய்து பார்க்கலாம்" என்றான். இந்தப் பக்கத்துக்கும் பலூனுக்கும் உறவு உண்டு. 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். ஆயிற்று.

முறை எளிது, பொறுமைதான் வேண்டும். அலுமினிய அச்சைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கி உலர்த்த வேண்டும். பிறகு ரப்பர் பாலில் மெதுவாக இறக்கி, அதைவிட மெதுவாக ஏற்ற வேண்டும். கால்சியம் பட்ட இடத்தில் பால் திரைந்து படலமாகப் பிடிக்கும். நுனியில் சொட்டு தேங்காமல் அச்சைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே விளிம்பைச் சுருட்ட வேண்டும். அப்புறம் வெந்நீரில் ஊறவைத்து, அடுப்பில் உலர்த்தி உரிக்க வேண்டும். வெந்நீரில் ஊறவைப்பதை மட்டும் அவசரப்படுத்தவே கூடாது. பாலில் உள்ள புரதமும் மிச்ச ரசாயனமும் அப்போதுதான் வெளியேறும். நம் கிரேஸ் கையுறைப் பெட்டியைத் திறந்தாலே தும்முவாளே, நினைவிருக்கிறதா? நாம் நடிப்பு என்று கேலி செய்தோம். அது அந்தப் புரதம். மாவுத் தூளில் ஏறிக் காற்றில் பறந்து மூக்குக்குள் போவது. அமெரிக்காவில் மாவு போட்ட மருத்துவக் கையுறைகளை 2017 ஜனவரியிலிருந்து தடையே செய்துவிட்டார்கள். கிரேஸிடம் இதைச் சொல். அவள் சந்தோஷப்படுவாள்.

இப்போது வடிவம். கேட்டுக்கொள், இதுதான் எனக்கு இரவில் தூக்கத்தைக் கெடுப்பது.

விரல் நேரான குழாய் அல்ல. நடுமூட்டு பருத்தது, அதற்குக் கீழே அடிப்பகுதி கொஞ்சம் மெலிந்தது. உறை மூட்டைத் தாண்டும்போது விரிய வேண்டும், தாண்டியபின் நிற்க வேண்டும், நின்றபின் நெரிக்கக் கூடாது. நுனியில் கட்டுத்துணிக்கு இடம் வேண்டும். கடையில் கிடைப்பது நுனியில் இறுக்கமாகவும், விளிம்பில் அதைவிட இறுக்கமாகவும் இருக்கிறது. நான் வரைந்தது இதற்கு நேர் எதிர். நுனி தாராளம். அடிவிரலில் ஒரு விரற்கடை நீளத்துக்கு மென்மையான பிடிப்பு. ஒரே கோட்டில் இறுகாமல், அகலமாகப் பரவி நிற்பது. அதற்குக் கீழே வாய் ஊமத்தம்பூ போல விரிந்துவிட வேண்டும். விளிம்புச் சுருள் அந்த விரிந்த வாயில் இருக்கும். விரலைத் தொடவே தொடாது. சுருளே வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். கார்த்தி ஒத்துக்கொள்ளவில்லை. சுருள் இல்லாத விளிம்பு இழுத்தவுடன் கிழியும் என்றான், கிழித்தும் காட்டினான். சரி, சுருள் இருக்கட்டும், விரலைவிட்டுத் தள்ளி இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அச்சை நேராக இறக்காமல் சாய்த்து இறக்கினால், பால் தொடும் கோடும் சாய்வாக விழுகிறது. உறை ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் வருகிறது. அந்த நீளப் பக்கம் புறங்கைமேல் நாக்கு மாதிரி நிற்கும். பிடித்து இழுத்தால் உறை கழன்றுவிடும், மற்ற கை ஈரமாக இருந்தாலும் சரி. தெருக்கோடி லேத்துப் பட்டறைக்காரர் அச்சைக் கடைந்து கொடுத்துவிட்டு, "இது எந்த மெஷினுக்கு அம்மா?" என்றார். கைக்கு என்றேன். காசு வாங்கவில்லை. அவர் கையிலும் ஒரு விரல் குட்டை.

இன்னொன்று, இதைச் சுருட்டி விற்கவே கூடாது. விரித்த நிலையிலேயே பொட்டலத்தில் போட்டுக் கொடுக்க வேண்டும். சுருட்டினால் இடம் மிச்சம், மாட்டுவது சுலபம் என்பார்கள். செல்வியின் விரலைப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். நிறம் நீலம். உணவு ஆலைகளில் பிளாஸ்திரியே நீலத்தில்தான் வைத்திருப்பார்கள், சாப்பாட்டில் விழுந்தால் கண்ணில் படுவதற்காக. மீனுக்கும் அது பொருந்தும்.

ஆனால் எண்ணெய்! இங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. உப்பிப்போய் வலு இழந்துவிடும். மத்தி வெட்டுகிற கையில் எண்ணெய் இல்லாமல் இருக்குமா? நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் என்றால் எண்ணெயைத் தாங்கும். (அண்ணன் முகம் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டாதே.) ஆனால் நைட்ரைல் விறைப்பு அதிகம், அதே அளவு இழுத்தால் ரப்பரைவிட அதிகம் பிடிக்கும், பிறகு மெல்லத் தளர்ந்து கொடுக்கும். அந்த முதல் பிடிப்பை நினைத்தால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இப்போதைக்கு ரப்பரிலேயே செய்து, வேலை முடிந்ததும் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். எப்படியும் நெடுநேரம் போட்டிருக்கக் கூடாது. உள்ளே வியர்த்துத் தோல் வெளுத்து ஊறிவிட்டால் புண் ஆறுவதற்குப் பதில் பரவும். கழற்றியதும் சோப்புப் போட்டு ஒரு நிமிடம் கை கழுவ வேண்டும். கையைக் கழுவுங்கள் என்று டாக்டர் செம்மல்வைஸ் 1847-இல் வியன்னாவில் சொன்னதை உறை எதுவும் மாற்றிவிடாது. அதைப் பெண்களிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது.

அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் கதையை நம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கரோலின் ஹாம்ப்டன் என்ற தியேட்டர் நர்ஸுக்குப் பாதரசக் குளோரைடு பட்டுக் கை வெந்துபோயிற்று. ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனிக்கு எழுதி அவளுக்காக மெல்லிய கையுறை செய்யச் சொன்னார். 1890-இல் அவளையே மணந்தும் கொண்டார். வகுப்பில் எல்லோரும் அந்தக் கல்யாணத்தைத்தான் பேசினோம், நீ ஒரு வாரம் பேசினாய். எனக்கு இப்போது வேறு ஒன்று தோன்றுகிறது. கையுறை முதலில் வந்தது நோயாளிக்காக அல்ல, வேலை செய்கிறவளின் தோலுக்காக. கிருமி தடுப்பு பிறகுதான் சேர்ந்துகொண்டது. மீன் வெட்டும் பெண்களின் விரலை யாராவது அப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா? முள்ளும் செதிலும் குத்தி, மீனிலிருந்து வரும் கிருமி விரலைச் செந்நீலமாக வீங்க வைக்கும் நோய்க்கு மருத்துவப் புத்தகத்தில் இடம் உண்டு. அந்த விரலுக்கு என்று அளந்து செய்த உறை கிடையாது. தவில் வித்வான் விரலில் போடும் கூடுகூட அவரவர் விரலுக்கு அளந்துதான் செய்யப்படுகிறது!

அதனால் அளந்துகொண்டிருக்கிறேன். நூலும் அடிக்கோலுமாகக் காசிமேட்டில் உட்கார்ந்தால் முதலில் சிரித்தார்கள். இப்போது தாங்களே வரிசையில் வந்து கையை நீட்டுகிறார்கள். காலையில் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் ஒன்றாக இல்லை. ஐஸில் கை வைத்துவிட்டு வந்தால் அது வேறு. பெரிய அளவுக்குச் செய்தால் தண்ணீர் புகுகிறது, சின்ன அளவுக்குச் செய்தால் பழைய கதை.

விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. மருத்துவச் சாதனம் என்றால் 2017 விதிகளின்படி உரிமம் வாங்க வேண்டும், அதைச் சும்மா விளையாட்டாகச் செய்யக் கூடாது என்று கார்த்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவன் சொல்வது நியாயம். புண் இல்லாத விரலில், என் விரலில், தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதோடு நிற்கிறோம். வடிவம் தேறிவிட்டால் அவன் படித்த இடத்துப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுவான்.

சரி, உனக்கு வேலை இரண்டு. ஒன்று, பால். சிரட்டையிலிருந்து ஊற்றி அப்படியே அனுப்பிவிடாதே, மதுரை தாண்டுவதற்குள் திரைந்துவிடும். அதில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மையவிலக்கில் கடைந்து 60 சதவீதமாக்கி அம்மோனியா சேர்த்தது உங்கள் பக்கத்து ஆலையில் கிடைக்கும். ஒரு சின்ன கேன் போதும். மூடியை அண்ணனை விட்டு இறுக்கச் சொல். நாற்றம் தாங்காமல் பார்சல்காரர் இறக்கிவிடப் போகிறார்.

இரண்டு, அளவு. உங்கள் தோட்டத்தில் பால்வெட்டும் பெண்களின் வலது கை, ஆள்காட்டி விரலும் மோதிர விரலும். நடுமூட்டுச் சுற்றளவு, அதற்குக் கீழே அடிவிரல் சுற்றளவு, இரண்டும் வேண்டும். வெட்டுக்குப் போகும் முன் ஒரு முறை, திரும்பி வந்தபின் ஒரு முறை. நூலை இறுக்கிப் பிடிக்காதே, தோலைத் தொட்டால் போதும். வயதையும் எழுது, பெயர் வேண்டாம். போனில் சொல்லாதே, நீ சொல்லும் வேகத்துக்கு என்னால் எழுத முடியாது. தாளில் எழுதிக் கேனோடு சேர்த்தே அனுப்பிவிடு.

அன்புடன்,
வசந்தா