விதை மிளகாய்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளையும் பேரனும் சுகந்தானே?

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதோடு ஒரு பொட்டலம் இருக்கும், பத்திரமாகப் பிரி. நம் வீட்டு உருண்டை முண்டு மிளகாய் விதை, அறுபது விதையாவது இருக்கும்.

இந்த வருஷம் கொல்லை போன கதை உனக்குத் தெரியும். தை பிறந்து பழம் சிவந்து நிற்கிற நேரத்தில் நாலு நாள் விடாத மழை. பழமெல்லாம் செடியிலேயே அழுகி உதிர்ந்தது. வத்தலுக்கு ஆனதே கொஞ்சம், விதைக்கென்று எடுக்க ஒரு நல்ல பழம் தேறவில்லை. இப்போது கையில் இருப்பது போன வருஷம் கலயத்தில் சாம்பல் கலந்து வைத்த விதைதான். அதிலிருந்துதான் உனக்கு அள்ளியிருக்கிறேன். மிளகாய் விதைக்கு வருஷம் ஏற ஏற முளைப்பு குறைந்துகொண்டே போகும். சும்மா வைத்திருப்பதை விட உன் பால்கனியிலும் நாலு செடி நிற்கட்டும் என்று தோன்றியது.

மார்கழியில் நீ போட்ட விதை ஏன் முளைக்கவில்லை என்று கேட்டாயே, அது விதையின் குற்றமில்லை. பெங்களூரில் அப்போது ராத்திரிக் குளிர் பதினைந்து டிகிரிக்கு வந்துவிடும். மிளகாய் விதைக்கு இருபத்தைந்து, முப்பது டிகிரி வெதுவெதுப்பு வேண்டும். குளிர்ந்த மண்ணில் தினமும் தண்ணீரும் ஊற்றியிருக்கிறாய், விதை அழுகாமல் என்ன செய்யும்? இப்போது மாசி முடிகிறது, உங்கள் ஊரிலும் வெயில் ஏறிவிட்டது. இதுதான் நேரம்.

விதையை ஒரு ராத்திரி ஈரத்துணியில் முடிந்து வை. மறுநாள் தட்டில் விதை. பாதி தென்னை நார்க்கழிவு, பாதி மண்புழு உரம் போதும், நாற்றுக்கு அதிகச் சத்து ஆகாது. அரை விரல் நகம் ஆழம் இருந்தால் போதும். தண்ணீரைத் தெளிக்கத்தான் வேண்டும், ஊற்றக்கூடாது. எட்டு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வளைந்த கழுத்தோடு எழுந்துவரும். சில முளையில் விதைத்தோல் தொப்பி மாதிரி இலையைக் கவ்விக்கொண்டு நிற்கும். பிய்த்து எடுக்காதே, இலையும் சேர்ந்து வந்துவிடும். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு வை, ஊறினால் தானே கழன்றுவிடும்.

ஐந்தாறு இலை வந்து, ஜாண் உயரம் ஆக நாற்பது நாள் பிடிக்கும். அப்புறம் ஒரு தொட்டிக்கு ஒரு செடி. வாளி அளவுக்குக் குறையாத தொட்டியாக இருக்கட்டும். மண்ணுக்குள் இரண்டு விரற்கடை விரலை விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடு. நம் முண்டு மானாவாரிச் செடி. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு அப்புறம் பனியிலேயே காய்த்துப் பழகியது. அதைச் செல்லம் கொடுத்துக் கெடுக்காதே.

இலை சுருண்டால் பயந்து பிடுங்கிவிடாதே, முதலில் திருப்பிப் பார். மேல்பக்கமாகப் படகு மாதிரி மடங்கினால் இலைப்பேன். கவிழ்த்த படகு மாதிரி கீழே மடங்கினால் சிலந்திப்பேன், அது கண்ணுக்கே தெரியாது. இரண்டுக்கும் வேப்பெண்ணெய்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு சொட்டு சோப்பு. சாயந்திரம் வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி அடி. அடிக்கிற வெயிலில் பூ கொஞ்சம் கொட்டும், கவலைப்படாதே, சூடு தணிந்தால் நிற்கும்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி, இதற்குத்தான் இவ்வளவும். பக்கத்துத் தொட்டியில் பஜ்ஜி மிளகாயும் குடைமிளகாயும் வைத்திருப்பதாகச் சொன்னாய். அவையும் முண்டும் ஒரே சாதி. தேனீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் கலந்துவிடும். இந்த வருஷக் காய் உருண்டையாகத்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது. அதன் விதையைப் போட்டால்தான் அடுத்த வருஷம் நீண்டும் கோணியும் காய்க்கும். அதனால் நல்ல செடியாகப் பார்த்து, மொட்டு விரியும் முன்பே ஒரு கிளையைக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டு. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே பிடிக்கும். காலையில் கிளையை விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் போதும். பிஞ்சு பிடித்ததும் வலையை எடுத்துவிட்டு அந்தக் காம்புகளில் சிவப்பு நூல் கட்டிவிடு. அந்தக் காயைச் சமையலுக்குப் பறிக்கக்கூடாது, மாப்பிள்ளையிடமும் சொல்லி வை. கருஞ்சிவப்பாகப் பழுத்து, தோல் லேசாகச் சுருங்கும் வரை செடியிலேயே நிற்கட்டும். வலை எடுத்த பிறகு கிளி, மைனா வந்தால் விரட்டு. பறவைக்குக் காரம் உறைக்காது, நம் கிணற்றடி ஊசிமிளகாய் அவை போட்ட எச்சத்தில் முளைத்ததுதான்.

விதை எடுக்கும்போது கையில் உறை போட்டுக்கொள். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில் இருக்கிறது. நீ நாலு வயதில் களத்தில் வத்தலைப் பிசைந்துவிட்டுக் கண்ணைக் கசக்கிய நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உன் அப்பத்தா உன்னை மடியில் போட்டு, கை விரல்களில் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, அப்புறம்தான் சோப்புப் போட்டுக் கழுவினார். வெறும் தண்ணீருக்குக் காரம் போகாது. பேரனைப் பக்கத்தில் விடாதே.

அப்பத்தா இந்த வீட்டுக்கு வாழ வந்தபோதே இந்த விதை இங்கே இருந்ததாம். 2023-ல் ராமநாதபுரம் முண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் நம் தெருவிலேயே பாதிப் பேர் கடை விதைக்கு மாறிவிட்டார்கள். விளைச்சல் கூட வருகிறது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குத்தான் குழம்பில் அந்த மணம் இல்லாமல் சாப்பாடு இறங்குவதில்லை.

புரட்டாசியில் என்னிடம் இருப்பதை விதைப்பேன். எத்தனை முளைக்குமோ தெரியாது. நீ ஆவணியில் ஊருக்கு வரும்போது சிவப்பு நூல் கட்டியதில் பத்துப் பழமாவது கொண்டு வா. பிளாஸ்டிக் பையில் போடாதே, வேர்த்து அழுகிவிடும். பழைய வேட்டித் துணியில் முடிந்து கையிலேயே எடுத்து வா.

அன்புடன்,
அம்மா