வெள்ளவத்தையிலிருந்து வத்சலாவுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் வத்சலா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது காது சற்று மந்தம். ஆனாலும் உன் பெயர் மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது. இங்கே எல்லாரும் சுகம்.

புது வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். எங்கள் நிறுவனம் வெளிநாட்டுக் கம்பனிகளின் கணக்குகளையும் சம்பளப் பட்டியல்களையும் தயாரித்துக் கொடுக்கிறது. பல நாடுகளில் கிளைகள். இரகசியத் தகவல்களைப் பொறுப்போடு கையாள எல்லாக் கிளை ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். கொழும்புக்கு அந்தப் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். எனக்கோ, இதைவிட அவசியமான வேலை ஒன்றை நான் இதுவரை செய்ததில்லை என்று தோன்றுகிறது.

தலைமை அலுவலகம் அனுப்பிய பாடம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். திரையில் சில படங்கள், கடைசியில் கேள்விகள், பிறகு சான்றிதழ். கடவுச்சொல்லைக் கொடுக்காதே, முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பைத் திறக்காதே. இவையும் வேண்டியவைதான். 2016இல் வங்காளதேச மத்திய வங்கியின் பணம் களவு போனது நினைவிருக்கிறதா? வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் போல ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பித்தான் உள்ளே நுழைந்தார்கள். 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. கொழும்புக்கு வந்த 20 மில்லியன், பெறுநரின் பெயரில் ஒரு சொல் பிழையாக இருந்ததால் இடையில் சந்தேகப்பட்டு நிறுத்தப்பட்டுத் திரும்பிப் போனது. இந்தக் கதையைச் சொன்னால் வகுப்பில் கைபேசியைப் பார்ப்பவர்கூட அதைக் கீழே வைத்துவிடுகிறார்.

ஆனால் நம்மவர்களிடம் தகவல் கேட்டு வருவது பெரும்பாலும் திருடன் அல்ல, சொந்த மாமாதான். போன கிழமை வகுப்பில் இருவரை நடிக்கச் சொன்னேன். மூத்த கணக்காளர் மாமாவாக நின்றார்.

“தம்பி, அந்தப் பையனின் கம்பனிச் சம்பளமும் உங்கள் கந்தோரில்தானே பார்க்கிறீர்கள்? சாதகம் பொருந்திவிட்டது. கையில் எவ்வளவு வருகிறது என்று மட்டும் பார்த்துச் சொல். என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகாது.”

மருமகனாக நின்ற பையனுக்கு நடிப்பு என்று தெரிந்தும் முகம் வியர்த்துவிட்டது. “இல்லை மாமா…” என்று இழுத்து, கடைசியில் “நாளைக்குச் சொல்கிறேன்” என்றான். சிரித்தவர்கள் சட்டென்று அடங்கிவிட்டார்கள். அவர்களுக்கும் அப்படி ஒரு மாமா இருக்கிறாரே! பிறகு எல்லாருமாக உட்கார்ந்து, மரியாதை குறையாமல் மறுப்பதற்கு வார்த்தை தேடினோம். ஒரு பெண் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: “மாமா, நாளைக்கு உங்கள் மகளின் சம்பளத்தை யாரும் கேட்டாலும் நான் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். பையனிடமே கேளுங்கள்.” எந்த நாட்டுப் பாடத்திலும் இந்த வசனம் இல்லை. அந்தந்த ஊரில், அந்தந்த மொழியில்தான் இதைப் பழக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

அவர்கள் தண்டப்பணத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சத் தண்டம் 20 மில்லியன் யூரோ, அல்லது நிறுவனத்தின் உலகளாவிய வருடாந்த மொத்த வருமானத்தில் 4 சதவீதம், எது அதிகமோ அது. தகவல் கசிந்தது தெரியவந்தால் 72 மணித்தியாலத்துக்குள் அங்குள்ள அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும். அதனால்தான் பயமுறுத்துவதை நான் எதிர்க்கிறேன். பிழையான முகவரிக்குப் பட்டியலை அனுப்பிவிட்ட பிள்ளை, வேலை போய்விடுமே என்று இரண்டு நாள் மறைத்தால் மிஞ்சுவது என்ன? ஓடி வந்து சொல்பவரைத் திட்டாமல் உட்கார வைத்துக் கேட்கும் மேலாளர்தான் அந்த நேரத்தில் காப்பாற்றுவார். மேலாளர்களுக்கும் வகுப்பு வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊழலையும் தொந்தரவையும் இரகசியம் என்ற பெயரில் மூடக்கூடாது என்று ஒரு பக்கம் சேர்க்கச் சொன்னேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

இங்கேயும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அண்மையில் காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கினேன். பையைத் திருப்பிப் பார்த்தால் எங்கோ ஒரு கந்தோரின் பழைய தாள். பெயர், அடையாள அட்டை இலக்கம், அடிப்படைச் சம்பளம், பிடித்த கடன், எல்லாம் எண்ணெயில் ஊறி அப்படியே தெரிந்தன. அந்த மனிதர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. வடை தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து துண்டுதுண்டாகக் கிழித்துப் போட்டேன்.

உனக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். உங்கள் படலையில் நின்றவர்களுக்கு உன் அப்பாவின் முழுப்பெயரும் தெரிந்திருந்தது என்று நீ எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாய். யாரோ ஒரு உத்தியோகத்தரின் மேசையில் இருந்த பட்டியல்தானே அது. வகுப்பில் நான் இதைப் பேசுவதில்லை. சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் அப்போது பிறக்கவுமில்லை. ஆனால் பெயர்ப் பட்டியல் ஒன்று அச்சு இயந்திரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தால் என்னால் அதைக் கடந்துபோக முடிவதில்லை.

ஒரு உதவி வேண்டும். கனடாவில், உங்கள் ஒன்ராறியோவில் நோயாளர் தகவலுக்கென்றே 2004 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் வைத்தியசாலையில் யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்பதுகூடப் பதிவாகிறது என்று எழுதியிருந்தாய். தெரிந்த தமிழ்ச் சனம் வந்து, “பிள்ளை, பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டால் நீ என்ன சொல்லி அனுப்புகிறாய்? சொல்லுக்குச் சொல் அப்படியே எழுது. அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தமிழில் வகுப்பு எடுக்கப் போகிறேன். அதில் பயன்படுத்த வேண்டும். உன் பெயரைச் சொல்லமாட்டேன்.

அண்ணாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அன்புடன்,
சுகந்தி