பச்சை உடம்போடு ஜெயிலுக்குப் போனவர்

கடலூர் முதுநகர்,
புதன் இரவு.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பெரியவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறான். இன்றோடு பதினைந்து நாள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல், தலை நிறைய முடி. அழ ஆரம்பித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். நான் ஆயா ஆகிவிட்டேன்டி.

பிரசவம் சுகமாக முடிந்தது. ஆனாலும் பெண் இன்னும் தேறவில்லை. உட்கார்ந்து எழுந்தால் முகம் வெளுத்துவிடுகிறது. காலையில் பூண்டுக் குழம்பு, மதியத்துக்குச் சுறாப்புட்டு என்று ஊட்டிக்கொண்டிருக்கிறேன். துறைமுகத்திலிருந்து வரும் மீன்காரம்மா பால்சுறா கிடைத்தால் எனக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுகிறார். வேகவைத்து, தோல் உரித்து, முள் எடுத்து, மஞ்சள் போட்டுப் பிழிந்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாகப் போட்டு வதக்க வேண்டும். பால் நன்றாகச் சுரக்கும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் முதல் பிரசவத்தின்போது எங்கள் ஆயாதான் தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள்.

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வீட்டைப் பேத்திக்குக் காட்டியதையும், அங்கிருந்து வந்த பிறகு வ.வே.சு. ஐயரைத் தேடித் தேடிப் படித்ததையும் எழுதியிருந்தாய். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போனவர், அங்கே விடுதலை வேட்கை கொண்ட இந்திய மாணவர்கள் தங்கிய இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு சேர்ந்து, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு 1910-இல் முஸ்லிம் வேடத்தில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது ஒரு பெரிய கதைதான். பத்து வருஷம் உங்கள் ஊரில் இருந்தார். இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடவும் சொல்லிக்கொடுத்தார், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்கவும் செய்தார். 1925-இல் பாபநாசம் அருவியில் மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய்த் தானும் போய்விட்டார். அந்த இடத்துக்கு வரும்போது எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும்.

ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதினாயே: "புரட்சிக்காரர்கள் எல்லாம் எங்கள் ஊருக்கு வந்தார்கள், உங்கள் ஊரில் இருந்தது பாரதியைப் பிடித்து அடைத்த ஜெயில் மட்டும்தான்." அது மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டிய பாரதியைப் பிடித்துக் கடலூரில்தான் மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீயும் இந்த முதுநகரில் பிறந்தவள்தானே? அஞ்சலை அம்மாளை எப்படி மறந்தாய்?

அவர் கையில் துப்பாக்கி இல்லை, உண்மைதான். அவர் காந்தி வழியில் போனவர். அதனால் அவரைப் புரட்சிக்காரர் வரிசையில் வைக்க மாட்டேன் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1890-இல் இந்த முதுநகரில் பிறந்தவர். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். பெண்கள் வாசல்படி தாண்டுவதற்கே ஆயிரம் பேச்சு கேட்ட காலம் அது. கணவர் முருகப்பாவும் கூடவே வந்தார். நிலத்தை விற்றார்கள், குடியிருந்த வீட்டை விற்றார்கள், எல்லாம் போராட்டத்துக்கே போயிற்று. எங்கள் ஆயா அவர் தெருவில் நடந்து போவதைப் பார்த்திருக்கிறாள். "கதர்ப் புடவை கட்டிக்கினு விறுவிறுன்னு போவாங்க. ஆம்பளைங்க ஒதுங்கி வழி விடுவாங்க" என்பாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இன்னும் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனோமே என்று இப்போது அடித்துக்கொள்கிறேன்.

1927-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் நீலன் சிலையை எடுக்கச் சொல்லிப் போராட்டம் நடந்தது. நீலன் என்று நம் ஜனங்கள் சொன்ன கர்னல் நீல் யார் தெரியுமா? வெள்ளைக்காரப் படை அதிகாரி. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் தூக்கில் தொங்கவிட்டவன். கான்பூரில் பிடிபட்டவர்களைத் தரையில் இருந்த ரத்தக்கறையை நாக்கால் நக்கச் சொல்லிவிட்டு, பிறகு தூக்கில் போட்டவன். அவனை வீரன் என்று சிலையாக்கி நம் ஊர் நடுத்தெருவில் நிறுத்தியிருந்தார்கள். தொண்டர்கள் சுத்தியலும் கோடாரியுமாக ஒவ்வொரு அணியாகப் போய்ச் சிலையைத் தாக்கிக் கைதானார்கள். அஞ்சலை அம்மாளும் போனார். தனியாகப் போகவில்லை, ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். இரண்டு பேருக்கும் சிறை.

பிள்ளைகள் சின்னதாக இருந்த நாளில் இதைப் படித்துவிட்டு நான் அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன். பெரியவர்கள் போங்கள், பச்சைக் குழந்தையை ஏன் இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று மனசுக்குள் சண்டை போட்டேன். அந்தக் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார். வீட்டையே விற்றுவிட்டவர் மகளை எந்த வீட்டில் விட்டுவிட்டுப் போவார்? அந்த வருஷம் சென்னைக்கு வந்த காந்தி அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் மாற்றி, பிறகு வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அம்மாக்கண்ணு ஒடுங்கிப்போகவில்லை. வளர்ந்து தானும் போராட்டத்தில் நின்றாள். மார்க்சைத் தமிழுக்குக் கொண்டுவந்த ஜமதக்னியைக் கல்யாணம் செய்துகொண்டது இந்த லீலாவதிதான். சிலை உடனே நகரவில்லை. பத்து வருஷம் கழித்து, 1937-இல் ராஜாஜி ஆட்சிக்கு வந்த பிறகுதான் எடுத்துக்கொண்டுபோய் மியூசியத்தில் போட்டார்கள்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நான் துடிப்பது இது இல்லை. வேலூர்தான்.

1930-இல் உப்புப் போராட்டம், அதில் பலத்த அடி. 1932-இல் மறுபடி கைது செய்து வேலூர் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அப்போது அவர் மாசமாக இருந்தார். பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள், ஆண் குழந்தை பிறந்தது, இரண்டு வாரத்துக்குள் மறுபடி வேலூர் சிறை. எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இது அரை வரிதான். "குழந்தை பிறந்த இரண்டு வாரத்தில் சிறை திரும்பினார்" என்று எழுதிவிட்டு அடுத்த போராட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த அரை வரியை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு, பெண்ணுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் சுருக்கென்று குத்தியது. பால் கட்டிக்கொண்டு மார் கல்லாக இருந்தது, ஜுரம் வேறு. துணி மாற்ற நான் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "முடியலம்மா" என்று அழுதாள். எட்டடி தூரத்தில் இருக்கும் கட்டிலுக்குப் போவதற்கே அந்தப் பாடு. இதே நாளில், இதே பச்சை உடம்போடு, அந்த அம்மாள் கடலூரிலிருந்து வேலூருக்குப் போயிருக்கிறார். மார்பில் பால், இடுப்பில் வலி, உதிரம் நின்றிருக்காது. போய்ப் படுத்தது ஜெயில் தரை, தின்றது ஜெயில் களி. பூண்டுக் குழம்பு யார் வைத்துக் கொடுத்திருப்பார்கள்? வெந்நீர் யார் ஊற்றியிருப்பார்கள்?

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வருவது அந்தக் காலத்தில் இருந்த வழிதான். பிள்ளை பெற்றவள் எழுதிக் கொடுத்திருந்தால் ஊரில் ஒருத்தர்கூடக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதைச் செய்யவில்லை. துப்பாக்கி பிடிக்கிற கைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டுமோ அதைவிட ஒரு குன்றிமணி குறைவில்லை இது. ஐயரை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த மனிதர்கள் சாவுக்குப் பயப்படாதவர்கள். இந்த அம்மாள் உயிரோடு இருந்துகொண்டே தினம் தினம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லத்தான் நமக்கு வார்த்தை பழகவில்லை.

பிறந்த பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ஜெயில் வீரன். பிறகு அதுவே ஜெயவீரன் ஆயிற்று. எங்கள் மாப்பிள்ளை பத்து நாளாக போனைக் கையில் வைத்துக்கொண்டு, நியூமராலஜி பார்த்துப் பார்த்து வாயில் நுழையாத பெயராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று சாப்பிடும்போது இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். சாப்பிட்டு முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "ஜெயவீரன்... நல்லாத்தான் இருக்கு அத்தை" என்றார். என்ன முடிவாகிறது என்று பார்ப்போம்.

இன்னொன்று உனக்குப் பிடிக்கும். காந்தி ஒருமுறை கடலூர் வந்தபோது அஞ்சலை அம்மாளைப் பார்க்கக் கூடாது என்று வெள்ளைக்காரர்கள் தடை போட்டுவிட்டார்கள். அவர் பர்தா போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் ஏறி வந்து காந்தியைப் பார்த்துவிட்டார். தென்னாட்டின் ஜான்சி ராணி என்று காந்தி சொன்னது அவரைத்தான். உன் ஐயர் முஸ்லிம் வேடத்தில் புதுச்சேரிக்கு வந்தார், எங்கள் அம்மாள் பர்தாவில் வந்தார். ஒளிந்துகொள்ள வேண்டி வந்தபோது இரண்டு பேருக்கும் அந்த உடைதான் நிழல் கொடுத்தது. இந்த ஊர் அப்படிப்பட்ட ஊராக இருந்ததே என்று நினைத்தால் நெஞ்சு குளிர்கிறது.

பிறகு மூன்று முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். 1961-இல் காலமானார். இப்போது நம் முதுநகர் காந்தி பூங்காவில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். நீ பார்த்திருக்க மாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை வா. பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. காலையிலேயே கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் பூங்காவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். உனக்கும் சேர்த்துப் புட்டு செய்து வைக்கிறேன். வரும்போது உன்னிடம் நைந்த பருத்திப் புடவை இருந்தால் இரண்டு கொண்டு வா. என்னிடம் இருந்ததையெல்லாம் குழந்தைக்குத் துணியாகக் கிழித்தாயிற்று, தூளி கட்ட ஒன்றுகூட மிச்சமில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி