அக்காவின் தட்டு

அன்புள்ள மாப்ளே,

இங்கு எல்லோரும் நலம். சின்னவனுக்கு வேலை கிடைத்துவிட்டது, அந்தக் கதையெல்லாம் அப்புறம். இந்தக் கடிதம் முழுக்க அக்காவைப் பற்றித்தான். போனில் ஆரம்பித்தால் "சரிடா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் மன்னார்குடிப் பக்கம் ஒரு காரியமாகப் போனபோது அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். திண்ணையிலிருந்து எழுந்திருக்கத் தூணைப் பிடிக்கிறாள். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. சுகர் இல்லை, பிரஷர் இல்லை, வயசாகிவிட்டது என்கிறாள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுப்படியில் உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறாள் என்று பார்த்தேன். காலையில் பழையது, ஊறுகாய். மத்தியானம் சோறு, ரசம், மோர். ராத்திரி மீந்த சோறு. அத்தான் போனதிலிருந்து மீனும் முட்டையும் தொடுவதில்லை. தனக்கு ஒருத்திக்காகப் பருப்பு வேகவைப்பானேன் என்று அதையும் விட்டுவிட்டாள்.

கணக்கு சொல்கிறேன், கேள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்னபடி பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 தாண்டியவர்களுக்கு 1 கிராமுக்குக் குறையக் கூடாது, 1.2 வரை போகலாம் என்று முதியோர் மருத்துவம் பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். அக்கா 45 கிலோ இருந்தால் அதிகம். அப்படியென்றால் தினம் 45 கிராமாவது வேண்டும். 200 கிராம் அரிசியில் கிடைப்பது சுமார் 14 கிராம். அந்த ரசமும் மோரும் மீதியை எங்கே நிரப்பும்? மிஞ்சின கொழுப்பை உடம்பு சேர்த்து வைக்கும். புரதத்துக்கு அப்படி ஒரு சேமிப்பு கிடையாது. சாப்பாட்டில் வராததைத் தசையிலிருந்துதான் எடுக்கும். அவள் தொடையும் கையும் கரைந்திருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதில் எனக்கு ஆறவே இல்லாத விஷயம் ஒன்று. சம்பா அறுக்கப் பத்து நாள் இருக்கும்போது ஈரத்திலேயே விதைத்த உளுந்து, இப்போது அவள் வீட்டுக் கூடத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வியாபாரி வந்து எடுத்துப் போகக் காத்திருக்கிறாள். 100 கிராமில் 22 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிற பொருள்! தெருவில் வயசுக்கு வந்த பெண்ணுக்கெல்லாம் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தவள் அவள். இடுப்புக்குப் பலம் என்று அவளே சொல்வாள். தனக்கு என்று வரும்போது மட்டும் ஒரு கைப்பிடி எடுக்க மனசு வரவில்லை.

நீ அனுப்பின புரதப் பவுடர் டப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில் மூடி திறக்காமல் இருக்கிறது. பூ வைக்காததுதான் பாக்கி. அதெல்லாம் அவளுக்கு வேண்டாம் மாப்ளே. காலையில் உளுந்தங்கஞ்சி, மத்தியானம் சோற்றில் கெட்டியாகப் பருப்பு, சாயங்காலம் பாசிப்பயறோ கடலையோ சுண்டல், படுக்கப்போகும் முன் ஒரு டம்ளர் பால். 45 கிட்ட வந்துவிடும். புரதம் அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது. அதில் அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் நிறைய இருக்கிறது, பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி கொடுத்துவிடும். சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை, அவள் சம்மதிக்கவும் மாட்டாள். ஆனால் சாப்பிட்டால் மட்டும் தசை ஏறாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழக வேண்டும், கொல்லைக்கும் வாசலுக்குமாவது நடக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். கோளாறு இருந்தால் புரதத்தை டாக்டர் சொல்கிற அளவுக்குத்தான் கூட்ட முடியும். வேறு காரணத்தால் மெலிகிறாளா என்பதையும் அவரே பார்ப்பார். தஞ்சாவூருக்கு நான் கூட்டிப்போகிறேன், காரும் சொல்லிவிட்டேன்.

நான் சொன்னால் சிரித்துவிட்டுக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுகிறாள். நீ சொன்னால்தான் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசு. வியாபாரி திங்கட்கிழமை வருகிறானாம், ஒரு மூட்டையை வீட்டுக்கு நிறுத்தச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே