பாலச்சந்திரனின் கண்டக்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைத் தமிழ் நடிகர் கே. எஸ். பாலச்சந்திரனைப் பற்றி எழுதுவோர் பலர் 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று' படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கரவெட்டியில் 1944இல் பிறந்து, 2014இல் கனடாவில் மறைந்த அந்தக் கலைஞரின் முழு வீச்சு 'அண்ணை றைற்' தனிநடிப்பில்தான் தெரியும். மேடையில் ஒரே ஆள், பஸ் கண்டக்டர். பயணிகள் சொல்வதெல்லாம் அவருடைய பதிலிலிருந்துதான் நமக்குப் புரியவேண்டும்.

இப்போது தனிநடிப்புச் செய்யும் இளைஞர்கள் பெரும்பாலும் பார்வையில்தான் தவறுகிறார்கள். இருக்கையில் இருக்கும் பயணியோடு பேசும்போது கண் தாழவேண்டும். மிதிபலகையில் தொங்குபவருக்குத் தலை திரும்பவேண்டும். அந்த இடம் ஒருமுறை மாறினாலும் பஸ் கலைந்துவிடும். பயணி பேசுவதற்கான நேரத்தையும் விடவேண்டும். சபையின் சிரிப்பு அடங்குமுன் அடுத்த வரியைச் சொன்னால் யாழ்ப்பாணப் பேச்சின் சுவை காதில் விழாது.

இத்தகைய நடிப்புகள் பதிவான பழைய கசெற்றுகள் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். கொழும்பின் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்த நாடாவை அப்படியே ஓடவிடாதீர்கள். பூஞ்சணம் கருவியில் நாடா உரசும் தலைப்பகுதியில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் பரவும். முதலில் தெரிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவாக்குங்கள். பிறகு கணினியில் 24 பிட் வேவ் (WAV) ஒலிக்கோப்பாகப் பதிந்து, இரண்டு இடங்களில் வையுங்கள்.

நாடக ஆர்வலர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06