ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் பற்றிய உங்கள் செய்தியில், வடசென்னைப் பள்ளிகள் பின்தங்குவதற்குப் பெற்றோரின் அக்கறையின்மையே காரணம் என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. அப்பா காலத்திலிருந்து உங்கள் நாளிதழைத்தான் வாங்குகிறோம். அதில் இப்படி ஒரு வரியைப் படித்தது மிகவும் வருத்தமாக இருந்தது. விடிவதற்கு முன்பே காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போய்விட்டு, திரும்பி வந்து பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் அம்மாக்களை எனக்குத் தெரியும். டியூஷன் பீஸை ஒரு மாதம்கூடத் தவறவிடாதவர்கள் அவர்கள். அக்கறை இல்லாமலா?

நான் கொருக்குப்பேட்டையில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். பள்ளியில் என்ன நடக்கிறது என்பது பிள்ளைகளின் பையைத் திறந்தாலே தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் வாங்கியபடி புதுசாக இருக்கும். கிழிந்து நைந்து கிடப்பது ‘மினிமம் மெட்டீரியல்’ எனும், தேர்ச்சி பெறத் தேவையானதை மட்டும் தொகுத்த ஜெராக்ஸ்தான். பாடத்தின் முடிவில் உள்ள ‘புக் பேக்’ வினா, ஒரு மதிப்பெண் வினா, திரும்பத் திரும்ப வரும் நெடுவினா, அவ்வளவுதான் பாடம். அரையாண்டுத் தேர்வு முடிந்தால் அதுவும் இல்லை. காலையில் ஸ்லிப் டெஸ்ட், பகலில் ரிவிஷன், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். சென்ற ஆண்டு ஒரு பெண் ஓம் விதியை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள், சுற்றுப்படமும் போட்டாள். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைத் தொடரிணைப்பில் வைப்பாயா, பக்க இணைப்பில் வைப்பாயா என்று கேட்டேன். “அதெல்லாம் கொஸ்டின்ல வராது மிஸ்” என்றாள். கம்பியின் மின்தடை எண் காணும் சோதனை செய்முறைப் பாடத்திலேயே இருக்கிறது. அவள் ரெக்கார்டு நோட்டில் அளவுகள் அத்தனையும் இருந்தன, முந்தைய ஆண்டு மாணவியின் நோட்டைப் பார்த்து எழுதியவை.

அவளுடைய ஆசிரியை மேல் எனக்குக் கோபம் இல்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்கிறார்கள், அவர் ஆசிரியரைக் கேட்கிறார். பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்த விழுக்காட்டைக் காப்பாற்ற இன்னொரு வழியும் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்க முடியாது, அதனால் ஒன்பதாம் வகுப்பில் வடிகட்டுகிறார்கள். என்னிடம் படித்த பையன் ஒருவனின் அப்பாவை, துறைமுகத்தில் ட்ரெய்லர் ஓட்டுபவர், தனியார் பள்ளி ஒன்றுக்கு வரச்சொன்னார்கள். டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதட்டும் என்றார்கள். எதிர்த்துப் பேசத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு அந்தப் பள்ளிக்கு நூறு விழுக்காடு, உங்கள் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம். அரசு 2017-லேயே ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. உங்கள் விளம்பரப் பக்கங்களில் அது இன்னும் நிற்கவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

பிளஸ் ஒன் விஷயமும் இதேதான். அந்தப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள் என்பதால்தான் 2017-18-ல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் சுமை குறைந்தது எனக்கும் சந்தோஷம்தான். சரி, பாடம் நடக்கிறதா என்று இனி யார் பார்ப்பது? நீட் தேர்வில் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேள்வி வருகிறது. வசதி உள்ளவர்கள் கோச்சிங்கில் படித்துக்கொள்வார்கள். எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள்? நீங்கள் அறியாதது அல்ல.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை தேர்வு முடிவு வரும்போது, ஒவ்வொரு பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்திலும், முந்தைய ஆண்டு அங்கே ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாவது எழுதினார்கள் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை.
(பிள்ளைகளை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம்.)