ஏற்காட்டுத் தவளைகளும் உன் புது லென்ஸும்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள செல்வத்துக்கு,

நலம்தானே? பாப்பாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைத் தங்கை சொன்னாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சின்ன உயிர்களைக் கிட்டத்தில் எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கிவிட்டேன், தவளை எடுக்க ஏற்காடு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். தாராளமாக வா. கிளம்பும் முன் சில விஷயங்கள்.

தவளை நுரையீரலோடு தோல் வழியாகவும் மூச்சு விடும். தண்ணீரையும் தோலால்தான் உறிஞ்சும். அதனால் கொசு மருந்தோ சன்ஸ்கிரீனோ பூசிய கையோடு அதன் பக்கம் போகாதே. முழுக்கைச் சட்டை போதும். பிடித்து, அழகான இலைமேல் உட்காரவைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. உடம்பை ஒடுக்கி, கண்ணை உள்ளிழுத்து உட்கார்ந்திருக்கும் தவளையைப் பார்த்தாலே, பிடித்து வைத்து எடுத்தது என்று விவரம் தெரிந்தவனுக்குப் புரிந்துவிடும்.

ஃபிளாஷிலும் அந்த ஈரத் தோல்தான் பிரச்சினை. நேராக அடித்தால் முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளி விழுந்து, தோலின் கோலமே அழிந்துவிடும். டிவி பெட்டிக்குள் வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, ஃபிளாஷுக்கு முன்னால் வளைத்துக் கட்டு. அது லென்ஸ் முனையைத் தாண்டித் தவளைக்குக் கிட்டத்தில் வர வேண்டும். வெளிச்சத்தின் பரப்பு பெரிதாக, தூரம் குறையக் குறைய, மினுக்கம் பரவி மிருதுவாகும். லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் 1/200 நொடி, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 200, ஃபிளாஷ் மேனுவலில் 1/8 சக்தி என்று தொடங்கு. கேமரா சென்சாரில் தவளை நிஜ அளவில் பாதியாக விழும்படி எடுத்தால் துல்லியம் சுமார் 3 மி.மீ. ஆழத்துக்குத்தான் கிடைக்கும், முழு அளவில் 1 மி.மீ. அதற்காக எஃப் 22 வைக்காதே, துளை ரொம்பச் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து படம் மொத்தமும் மழுங்கும். தரையோடு தரையாகப் படுத்து, கேமராவைத் தவளையின் பக்கவாட்டுக்கு இணையாகப் பிடித்து, கண்ணில் ஃபோகஸ் வை. இனச்சேர்க்கைக் காலத்து ஆண் குண்டுத்தவளை (புல்ஃபிராக்) எலுமிச்சை மஞ்சளாக மாறும். அந்த மஞ்சள் படத்தில் சீக்கிரம் வெளிறிப்போகும், ஃபிளாஷை ஒரு படி குறைத்துக்கொள்.

மலையில் மூடுபனி இறங்கினால் ஃபிளாஷ் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பும். ஃபிளாஷை லென்ஸிலிருந்து விலக்கிப் பக்கத்தில் பிடி. காரில் வந்தால் பாதி வளைவு ஏறும்போதே ஏசியை நிறுத்திவிடு. குளிர்ந்த லென்ஸை ஈரக் காற்றில் எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும், அது தெளிய வெகுநேரம் ஆகும்.

காப்புக்காட்டுக்குள் இரவில் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கு முன்னாலேயே எழுதிக் கேட்க வேண்டும். ஆனால் முதல் தடவைக்குக் காபித் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியே மேல், உரிமையாளரிடம் நான் சொல்லி வைக்கிறேன். தொட்டிச் சுவரிலும் மேலே தொங்கும் இலையிலும் மரத்தவளை நுரைக்கூடு கட்டியிருக்கும். வெளிப்புறம் காய்ந்து பொருக்காகி உள்ளே ஈரம் காக்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நேராகக் கீழே தண்ணீரில் விழும். படத்துக்காக அந்த இலையை வளைத்தாலோ ஒடித்தாலோ அத்தனையும் மண்ணில் விழுந்து சாகும்.

இருட்டியதும் தொடங்கலாம். கத்தும் திசையில் போய், பத்தடி தள்ளி டார்ச்சை அணைத்து அசையாமல் நில். எல்லாம் அடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் ஒன்று தொடங்கும், மற்றவை சேர்ந்துகொள்ளும். பிறகு மங்கலான சிவப்பு விளக்கோடு நெருங்கு. ஒரு தவளைக்கு நாலைந்து படம் போதும், விலகிவிடு. தவளை கத்தும் இடத்துக்குப் பாம்பும் வரும், கம்பூட் (உயரமான ரப்பர் பூட்ஸ்) கட்டாயம்.

அந்தக் கம்பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைட்ரிட் என்ற பூஞ்சை தவளையின் தோலைத் தாக்கிக் கொல்வது 1998இல் தெரியவந்தது. சேற்றிலும் தண்ணீரிலும் அது பரவும், குளிர்ந்த இடம் அதற்குத் தோது. மூக்கனேரிக் கரையில் மிதித்த சேற்றோடு மலை ஏறாதே. பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவை. காய்ந்தால் பூஞ்சை செத்துவிடும். பிளீச்சிங் நீர் தெளிப்பதானால் வீட்டிலேயே முடித்துவிடு. தொட்டிப் பக்கம் சிந்தினால் தலைப்பிரட்டைக்கு ஆகாது.

ஃபிளாஷுக்கு ரீசார்ஜ் செல் இரண்டு செட் எடுத்து வா. எந்தத் தேதி என்று எழுது, அறை பார்த்து வைக்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
குமரேசன்